மூன்று தலைமுறை சேர்ந்து ஸ்கார்பரோவுக்கு: ஆங்கிலேயக் கடற்கரை ஊர் ஒன்றைப் பார்க்கும் முறை

லீட்ஸ் நகரில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் கேட்டிருப்பது இதுதான். ஜூலையில் ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலுமாக இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற பழைய பாணிக் கடற்கரை ஊர் ஒன்றைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம், ஒரு நாள் போதுமா, கடலில் இறங்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

யார்க்ஷயர்க் கடற்கரையில் உள்ள ஸ்கார்பரோவுக்குப் போங்கள், ஓர் இரவாவது தங்குங்கள் என்பதே என் பதில். பிளாக்பூல் இதைவிடப் பெரியது என்பார்கள், விட்பி இதைவிட அழகானது என்பார்கள்; இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தாத்தா பாட்டிக்குக் காற்றுப்படாமல் உட்கார இடமும், பிள்ளைகளுக்கு அகலமான மணலும், பெரியவர்களுக்குப் பார்க்கச் சரித்திரமும் ஒரே ஊரில், ஒரு பேருந்தில் ஏறி இறங்குகிற தொலைவுக்குள் அமைந்திருப்பது இங்கேதான் என்பது யார்க்ஷயரில் பல ஆண்டுகளாக வசிக்கும் என்னுடைய கருத்து.

திட்டமிடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. இந்த ஊர் வெதுவெதுப்பான கடலை நம்பி எழுந்த ஊர் அல்ல. குளிர்ந்த கடலும் ஓயாத காற்றும் சொல்லாமல் வரும் மழையும் உள்ள ஓர் இடத்தில் ஒரு குடும்பம் தன் விடுமுறையை எப்படி மகிழ்ச்சியாகக் கழிப்பது என்ற கேள்விக்கு மூன்று நூற்றாண்டுகளாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடைகள்தான் இந்த ஊரின் கட்டடங்களும் வழக்கங்களும். கடலோர இசை மண்டபம், குன்றின் சரிவில் ஏறி இறங்கும் வண்டி, மணலையொட்டி வரிசையாக நிற்கும் மரக்குடில்கள், நாணய விளையாட்டுக் கூடங்கள் எல்லாமே அப்படிப் பிறந்தவை. அதனால் கடற்குளியலை மட்டும் நோக்கமாக வைத்துக்கொள்ளாமல், ஊரையே பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். மழை வந்தாலும் உங்கள் பயணம் கெடாது.

இந்த ஊரின் தொடக்கமே குளியல் அல்ல, மருந்து. 1626ஆம் ஆண்டளவில், ஊரின் இரண்டு குடாக்களில் ஒன்றான தெற்குக் குடாவின் குன்றடியில் பாறைகளைச் செம்பழுப்பாக்கியபடி கசிந்துகொண்டிருந்த ஊற்று ஒன்றைத் தாமசின் ஃபாரர் என்ற பெண்மணி கவனித்தார். அந்த நீரைக் குடித்தால் நோய் தீர்கிறது என்ற பேச்சு பரவியது. ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் 1660இல் அதன் குணங்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிறகு வசதி படைத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். ஊற்றுநீர் குடிக்க வந்தவர்கள் அடுத்துக் கடலிலும் மூழ்கி எழுந்தார்கள். அதையும் வைத்தியமாகவே செய்தார்கள். ஊரின் 1735ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் ஒன்றில், உள்ளே உடைமாற்றிக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் இறங்குவதற்கான சக்கரம் வைத்த மரக்கூண்டு காணப்படுகிறது. அத்தகைய வண்டிகளைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் அது ஒன்று. இங்கிலாந்தின் முதல் கடற்கரை விடுமுறை ஊர் என்று ஸ்கார்பரோவைச் சொல்வதற்குக் காரணம் இந்த நீண்ட தொடர்ச்சிதான்.

1845இல் யார்க்கிலிருந்து ரயில் பாதை வந்ததும் பணக்காரர்களின் ஊர் எல்லோருடைய ஊராக மாறத் தொடங்கியது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை நாட்களை உருவாக்கியது. 1938இல் வந்த சட்டம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைத் தொழிலாளர்களிடையே பரவலாக்கியது. மேற்கு யார்க்ஷயரின் கம்பளி ஆலை ஊர்களில் ஆலைகள் சேர்ந்தாற்போல மூடப்படும் வாரத்தில், தெருத்தெருவாக மக்கள் ரயிலேறிக் கடலுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தின் அளவை இன்றும் ரயில் நிலையத்தில் உணரலாம்: முதல் நடைமேடையில் 139 மீட்டர் நீளத்துக்கு ஒரே பெஞ்சு ஓடுகிறது. உலகின் மிக நீளமான ரயில் நிலைய பெஞ்சு என்று அதைச் சொல்கிறார்கள். இறங்கியவுடன் பிள்ளைகளை அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கவிடுங்கள். 1960களுக்குப் பிறகு ஸ்பெயினுக்கு மலிவான விமானப் பயணங்கள் வந்ததும் கூட்டம் குறைந்தது. விட்பிக்குச் சென்ற கரையோர ரயில் பாதையும் 1965இல் மூடப்பட்டது. ஆயினும் தாங்கள் சிறுவயதில் விளையாடிய அதே மணலுக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் முதியவர்களை இங்கே எந்தக் கோடை நாளிலும் பார்க்கலாம். உங்கள் பெற்றோருக்கு நீங்கள் காட்ட வேண்டியது முக்கியமாக அதைத்தான் என்பேன்.

அடுத்தது ஓதம், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. ரயில் நேரத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயர வித்தியாசம் அதிகமான நாட்களிலும் ஏறத்தாழ 1 மீட்டர்தான் என்பதால், நம்மவர்கள் பலருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை. ஸ்கார்பரோவில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 5 மீட்டர். வற்றத்தின்போது கிரிக்கெட் ஆடும் அளவுக்கு விரிந்து கிடக்கும் மணல், ஆறு மணி நேரம் கழித்து ஏற்றத்தின்போது பல இடங்களில் முற்றிலும் மறைந்து, அலை நடைபாதைச் சுவரில் வந்து மோதும். தெற்குக் குடாவில் இசை மண்டபத்துக்குக் கீழே உள்ள பகுதியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மணலில் இருக்குமாறு வந்து சேர்ந்தால், பாறைக்குழிகளில் நண்டும் கடற்பூக்களும் தேடப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும். கடல் திரும்பும்போது நீங்களும் திரும்பிவிடலாம். குன்றடியில் ஒதுங்கிய மூலைகளுக்குக் கடல் ஏறும் நேரத்தில் போகவே கூடாது. திரும்பும் வழியைத் தண்ணீர் அடைத்துவிடும்.

கடலில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம், ஆனால் நம் பக்கத்துக் கடல் போல நினைத்து இறங்கக் கூடாது. ஆகஸ்ட் மாதத்தில்கூட இங்கே நீரின் வெப்பம் 14, 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். திடீரென்று முழுவதும் மூழ்கினால் மூச்சு திணறும். முதல் ஓரிரு நிமிடங்களில்தான் ஆபத்து அதிகம். அப்படி நேர்ந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சு சீரானபின் கரைக்கு வர வேண்டும் என்றே இங்குள்ள உயிர்காப்பு அமைப்பு சொல்லித்தருகிறது. கோடையில் அந்த அமைப்பின் காவலர்கள் கடற்கரையில் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிகள் அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு உரியவை; சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறக்கும்போது காற்றடைத்த மிதவைகளைத் தண்ணீரில் விடவே வேண்டாம். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று அவற்றைச் சில நிமிடங்களில் இழுத்துச் சென்றுவிடும். யாராவது ஆபத்தில் இருந்தால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். நீரின் தரத்தையும் கவனியுங்கள்: தெற்குக் குடாவின் குளியல் நீர் அண்மை ஆண்டுகளில் அரசின் சோதனைகளில் மோசம் என்ற தரத்தையே பெற்றிருக்கிறது. மணல் விளையாட்டுக்குத் தெற்குக் குடா, நனைவதற்கு வடக்குக் குடா என்று வைத்துக்கொண்டு, கடற்கரையில் உள்ள அறிவிப்புப் பலகையையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று கடல்மூட்டம். உள்நாட்டில் நல்ல வெயிலடிக்கும் நாளில், வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடலைக் கடந்து வரும்போது அதன் ஈரம் குளிர்ந்து நுண்துளிகளாகி வெண்புகைபோலக் கரையேறும். இங்குள்ளவர்கள் அதை ஃப்ரெட் என்பார்கள். லீட்ஸில் சட்டைக்கை மடித்துக் கிளம்பியவர்கள் ஸ்கார்பரோவில் இறங்கியதும் குன்றின் மேலுள்ள கோட்டையைக்கூடக் காண முடியாமல் குளிரில் நிற்பார்கள். சில மணி நேரத்தில் அது கலைந்துவிடுவதும் உண்டு, நாள் முழுவதும் நிற்பதும் உண்டு. ஆகவே ஜூலையாக இருந்தாலும் பெற்றோருக்குக் கம்பளிச் சட்டையும் காற்று புகாத மேலங்கியும் காதை மூடும் ஏதாவதொன்றும் கட்டாயம் வேண்டும். ஆங்கிலேயர்கள் கடற்கரைக்குக் கொண்டுவரும் பொருட்களில் நாம் பின்பற்ற வேண்டியது காற்றுத்தடுப்புத் துணி: நான்கைந்து கழிகளில் தைத்த நீளமான துணியைக் காற்று வரும் பக்கத்தில் வளைவாக மணலில் அடித்து நட்டால், உள்ளே உட்காருபவர்களுக்கு இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பதுபோலத் தோன்றும். கடலோரக் கடைகளிலேயே கிடைக்கும். கூடவே பிள்ளைகளுக்கு வாளியும் மண்வெட்டியும் வாங்கிவிடுங்கள்.

தெற்குக் குடாவில்தான் பழைய ஊரின் உயிர் இருக்கிறது. கோடையில் மணலில் கழுதைச் சவாரி உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது, நெற்றிப்பட்டையில் ஒவ்வொரு கழுதைக்கும் பெயர் எழுதியிருக்கும். துறைமுகத்தில் நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கும் கூண்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அங்கிருந்து சிறு படகுகள் குடாவைச் சுற்றிக்காட்டும். துறைமுகத்துக்கு எதிரே 1945 முதல் நடந்துவரும் ஹார்பர் பார் என்ற பனிக்கூழ்க் கடை, மஞ்சளும் வெள்ளையுமான அதே பழைய அலங்காரத்தோடு இருக்கிறது. உயரமான கண்ணாடிக் குவளையில் பழமும் பனிக்கூழும் பாலேடும் அடுக்கித் தரும் நிக்கர்பாக்கர் குளோரியை ஆளுக்கொன்று வாங்காமல் இருவருக்கு ஒன்றாக வாங்குவது போதும்.

நாணய விளையாட்டுக் கூடங்களைக் கண்டு பெற்றோர் முகம் சுளிக்கலாம். சூதாட்டம்தானே என்ற தயக்கம் நியாயமானது, எல்லை வகுப்பது உங்கள் கையில்தான். ஆனால் மழை நாளில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பவுண்டை மாற்றினால் ஐம்பது இரண்டு பென்ஸ் காசுகள் ஒரு பிளாஸ்டிக் குவளையில் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலேயுள்ள பிளவில் காசைப் போட்டால் அது உருண்டு தட்டில் விழுந்து படுக்க வேண்டும், தட்டு பின்வாங்கும்போது அந்தக் காசு தடுப்பில் மோதி முன்னே தள்ளப்பட்டு, விளிம்பில் தொங்கும் காசுகளை இடிக்க வேண்டும். எல்லாம் காசு விழும் கணத்தைப் பொறுத்தது. தட்டு முழுவதும் பின்னே போய் முன்னே வரத் தொடங்கும் நேரத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்; அப்படியும் விளிம்பில் இருப்பவை பிடிவாதமாக நிற்கும், திடீரென்று ஒருமுறை எட்டுப் பத்தாகக் கொட்டும். ஒரு குவளைக்கு மேல் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டு விடுங்கள். அது அரைமணி நேரம் தாங்கும்.

அங்கேயே உள்ள கடைகளில் விற்கும் ராக் என்ற மிட்டாய்க் குச்சியை விளையாட்டுப் பொருளாக மட்டும் எண்ணிக் கடந்துவிடாதீர்கள், அது ஒரு கைவினை. வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை, புதினா மணம். எந்த இடத்தில் உடைத்தாலும் ஊரின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரியும். காய்ச்சிய சர்க்கரைப் பாகை நிறம் சேர்த்துப் பட்டைகளாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளால் நீளவாக்கில் கட்டி, அவற்றை வட்டமாக அடுக்கி, நடுவே வெள்ளைப் பாகை வைத்து, மேலே இளஞ்சிவப்பு உறையைச் சுற்றும்போது அது இரு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டிய பருமனில் இருக்கும். பாகு ஆறி இறுகுவதற்குள் அதை உருட்டி உருட்டி இழுத்தால் விரல் தடிமனுள்ள நீளமான கயிறாகும். எழுத்துகளும் கூடவே சுருங்கி உள்ளேயே நிற்கும். ஊருக்குத் திரும்பும் பெற்றோர் கையில் கொடுத்தனுப்ப இதைவிடப் பொருத்தமானது இல்லை; உடைந்தாலும் கெட்டுப்போகாது.

சாப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையின் பெயர்பெற்ற உணவு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். யார்க்ஷயர்க்காரர்கள் காட் மீனைவிட ஹேடாக் மீனையே விரும்புவார்கள். மாவில் தோய்த்துப் பொரித்து, உப்பும் வினிகரும் தெளித்துக் காகிதத்தில் கட்டித் தருவார்கள். மீன் சாப்பிடுபவர்களாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: யார்க்ஷயரில் பாரம்பரியமாகப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். மீனை மட்டுமல்ல, உருளைக்கிழங்கையும் அதே கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ஆகவே “மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும்” என்று சைவர்கள் வாங்கினாலும் அது சைவம் ஆகாது. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வரிசையில் நிற்பதற்கு முன் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், அவர்கள் அதைப் பெருமையாகவே கருதுகிறார்கள். சைவத்துக்கு நம்பகமானவை தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அவித்த பீன்ஸும் வைத்துத் தருவதும், தேநீர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்கோனும் ரொட்டித் துண்டுகளும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது கட்டுச்சோறு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், காற்றுத்தடுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுற்றியிருக்கும் ஆங்கிலேயக் குடும்பங்களும் தங்கள் டப்பாக்களைத் திறந்துகொண்டுதான் இருப்பார்கள்.

சாப்பிடும்போது கடற்காகங்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. சாம்பல் முதுகும் மஞ்சள் அலகில் சிவப்புப் புள்ளியுமுள்ள பெரிய பறவை பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து, சின்னப் பிள்ளையின் கையிலிருக்கும் பொட்டலத்தை அப்படியே பறித்துக்கொண்டு போய்விடும். சுவரையோ கட்டடத்தையோ முதுகுப்பக்கம் வைத்து உட்கார்ந்தால் அதற்கு வழி கிடைக்காது. அவற்றுக்குத் தீனி போடக் கூடாது; கல்லெறியவும் கூடாது, சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. இதற்கு மாறாக, கிராண்ட் ஹோட்டலின் சுவர் விளிம்புகளிலும் கோட்டைக் குன்றிலும் கூட்டம் கூட்டமாகக் கூடுகட்டிக் கூச்சலிடும் சிறிய கிட்டிவேக் பறவை யார் சாப்பாட்டையும் தொடாது. ஆழ்கடலில் மீன் பிடித்து வாழ்கிற அது, இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் கரைக்கு வருகிறது. ஜூலை மாதம் குஞ்சுகளோடு அதைப் பார்க்கலாம்.

அந்தக் கிராண்ட் ஹோட்டலை வெளியிலிருந்தாவது நின்று பாருங்கள். கத்பர்ட் பிராட்ரிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1867இல் திறக்கப்பட்டது. மஞ்சள் செங்கற்களால் எழுப்பிய அக்கட்டடத்தை ஓர் ஆண்டின் கணக்கிலேயே அமைத்தார்கள்: பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளங்கள், வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள், நாட்களுக்கு 365 அறைகள். குளியல் தொட்டிகளில் நன்னீர்க் குழாய்களோடு கடல்நீர்க் குழாய்களும் இருந்தன, வெளியே போகாமலே கடல்நீரில் குளிப்பதற்காக. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கோபுரங்களை எண்ணச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ செங்குத்தான ஊர். கடைத்தெரு குன்றின் மேலே, கடல் கீழே. முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு இதுதான் பெரிய தடை. அந்தத் தடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்த்துவைத்திருக்கிறார்கள். பழனி மலையின் விஞ்ச் போலச் சரிவில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் இரட்டை வண்டிகள் இங்கே உண்டு. தெற்குக் குன்றில் 1875இல் திறந்தது பிரிட்டனில் இவ்வகையில் முதலாவது. தொடக்கத்தில் அதைக் கடல்நீரின் எடையைக் கொண்டு இயக்கினார்கள். கிராண்ட் ஹோட்டலுக்குப் பக்கத்தில் உள்ள மற்றொன்று 1881இல் வந்தது. பயணம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கட்டணமும் சொற்பம். இறங்கும்போது நடந்து, ஏறும்போது வண்டியில் வந்தால் முழங்கால் தப்பும். கீழே கடலோரமாக வடக்குக் குடாவுக்கும் தெற்குக் குடாவுக்கும் இடையே கோடையில் கூரையில்லாத மாடிப் பேருந்து ஓடுகிறது. அதன் மேல்தளத்தில் முன்வரிசையில் இடம்பிடித்து, கோட்டைக் குன்றைக் கடல் பக்கமாகச் சுற்றிவரும் அந்தப் பயணத்தைப் பெற்றோர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தெற்குக் குன்றின் அடியில், பழைய மருந்தூற்று இருந்த அதே இடத்தில்தான் ஸ்பா என்ற இசை மண்டபம் நிற்கிறது. லண்டனின் கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய ஜோசப் பேக்ஸ்டன் வடிவமைத்த முந்தைய மண்டபம் 1876இல் தீக்கிரையானது; இப்போதுள்ளது 1880இல் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் தோறும் இசைக்குழுக்கள் இருந்தன. தொழில்முறைக் கலைஞர்களைக் கொண்ட கடற்கரை இசைக்குழுவாக இன்று எஞ்சியிருப்பது ஸ்கார்பரோ ஸ்பா இசைக்குழு மட்டுமே. கோடைப் பகலில், கண்ணாடித் தடுப்புக்குள் வெயில் மட்டும் விழுந்து காற்று புகாத முற்றத்தில், கடல் ஒலிக்க, வால்ட்ஸ்களும் நாடக இசையும் கேட்டபடி தேநீர் குடிப்பது பெரியவர்களுக்கு நிறைவான அனுபவம். அந்த இசைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இது பிடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகளில் ஒருவரை அந்த நேரத்தில் பாறைக்குழிகளுக்கு அழைத்துப்போக ஆள் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

இரண்டாம் நாளை வடக்குக் குடாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரைச்சல் குறைவு, மணல் அகலம், நடைபாதையை ஒட்டிப் பல வண்ண மரக்குடில்கள். அருகிலுள்ள பீஸ்ஹோம் பூங்கா 1912இல் திறக்கப்பட்டது. ஏரி, நடுவில் தீவு, அதன் உச்சியில் பகோடா, டிராகன் தலை வைத்த மிதிபடகுகள். 1927 முதல் கோடைகளில் அந்த ஏரியில் ஒரு கடற்போர் நடத்திக்காட்டப்படுகிறது. ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள மாதிரிப் போர்க்கப்பல்கள் அணிவகுத்து வரும். பெரியவற்றுக்குள் ஆட்கள் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள், அவர்கள் நகராட்சி ஊழியர்கள். முதலில் மிதக்கும் மேடையில் ஆர்கன் இசை, பிறகு பீரங்கிப் புகை, கம்பியில் வழுக்கி வரும் விமானங்களின் குண்டுவீச்சு, கரையில் பிள்ளைகளின் ஆரவாரம். வாரத்தில் சில நாட்கள் மட்டுமே நடக்கும் என்பதால், தங்கும் நாட்களை முடிவு செய்வதற்கு முன்பே இதன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை வெடிச்சத்தத்துக்குப் பயப்படுமானால் மேல்வரிசையில் உட்காருவது நல்லது.

பூங்காவுக்கு எதிரேயிருந்து 1931இல் தொடங்கிய குட்டி ரயில் பாதை, ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு கடலோரமாகப் போய் ஸ்கால்பி மில்ஸில் முடிகிறது. அங்கே வெள்ளைக் கூம்புக் கூரைகளுடன் கடல்வாழ் உயிரினக் காட்சிசாலை இருக்கிறது. மழை நாளுக்கு அது பொருத்தம். அதைவிடக் குறைந்த செலவில் மழைக்கு ஒதுங்க எனக்குப் பிடித்த இடம் 1829இல் கட்டிய ரோட்டண்டா அருங்காட்சியகம். பாறை அடுக்குகளின் வரிசையைக் கொண்டு இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை உருவாக்கிய வில்லியம் ஸ்மித்தின் யோசனைப்படி எழுந்த வட்டக் கட்டடம் அது. ஓக் மரத்தைக் குடைந்த பெட்டியில் 1834இல் கண்டெடுக்கப்பட்ட வெண்கலக் கால மனிதரின் எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது, எலும்புகள் கறுத்துப்போயிருக்கும். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

கோட்டையைப் பற்றி சுருக்கமாக: பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இரண்டு குடாக்களுக்கும் நடுவிலுள்ள குன்றின் மேல் இருக்கிறது, ரோமானியர்களின் எச்சரிக்கைக் கோபுரத்தின் அடித்தளமும் அங்கே உண்டு. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் இந்த ஊரின் மீது குண்டுவீசியபோது கோட்டையும் சேதமடைந்தது. ஏற்றம் கடினம், மேலே காற்று பலம். பெற்றோரை ஸ்பாவில் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்வரலாம்.

தங்குமிடம் பிடிக்கும்போது ஒரு கவனம். காலை உணவோடு அறை தரும் விருந்தினர் இல்லங்கள் பெரும்பாலும் உயரமான, குறுகலான விக்டோரியக் காலத்து வீடுகள். லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முன்பதிவின்போதே பெற்றோருக்குத் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ அறை கேளுங்கள். காலையில் சைவ உணவு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் தனியாகச் செய்துவைப்பார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூலைக் கடைசி வாரத்துக்கு முன்னால், வார நாட்களில் போக முடிந்தால் கூட்டமும் வாடகையும் குறையும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பள்ளி இருக்குமானால் வார இறுதிதான் வழி.

காரில் போனால் ஏ64 சாலை கோடைச் சனிக்கிழமைகளில் நெரிந்து நிற்கும். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரும் வசதியைப் பயன்படுத்துங்கள். ரயில்தான் என் விருப்பம்: யார்க்கிலிருந்து ஏறத்தாழ 50 நிமிடம். குடும்பப் பயண அட்டை ஒன்று வாங்கினால் நான்கு பெரியவர்கள் வரை மூன்றில் ஒரு பங்கும், ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் கட்டணம் குறையும். நீங்கள் இருவரும் பெற்றோர் இருவரும் பிள்ளைகளும் ஒரே அட்டையில் அடங்கிவிடுவீர்கள்.

மூன்றாம் நாளும் இருக்குமானால் விட்பிக்கு எக்ஸ்93 பேருந்தில் போய்வரலாம். அங்கே மடாலயத்துக்கு ஏறும் 199 படிகளைப் பெற்றோர் தவிர்த்துவிட்டுத் துறைமுகத்திலேயே இருக்கலாம். பறவைகளில் ஆர்வமிருந்தால் தெற்கே பெம்ப்டன் பாறைமுகடு இன்னும் நல்லது: சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கேனட்டுகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்திருக்கும், ஜூலை நடுப்பகுதிக்குள் போனால் பஃபின்களையும் காணலாம். அதற்குப் பிறகு பஃபின்கள் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால், பெற்றோர் ஜூலை தொடக்கத்திலேயே வந்துவிடுவார்கள் என்றால் பெம்ப்டனை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், விட்பியை அடுத்த வருகைக்கு விட்டுவிடலாம்.